பிரிட்டனின் பிரிவும் பிழைக்க வந்தவன் உரிமையும்

(மும்பையில் நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம்முடைய கூட்டங்களில் வழக்கமாகக் குடிசைப் பட்டா, தண்ணீர்க் குழாய், பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளி ஆகியவற்றைப் பற்றித்தான் பேசுகிறோம். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது கடல் கடந்த விவகாரம். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய கதை. 'பிரெக்சிட்' என்று பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். "இங்கிலாந்துக்காரன் ஐரோப்பாவோடு சேர்ந்திருந்தால் என்ன, பிரிந்து போனால் என்ன? தாராவியில் இட்லிக் கூடை சுமக்கிறவனுக்கு அதனால் என்ன?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

பதில் இதுதான். அந்தப் பெரிய சண்டையின் நடுவில் நிறுத்தப்பட்டவன் நம்மைப் போன்ற ஒருவன். பிழைப்புக்காகத் தன் ஊரை விட்டு வந்தவன். அவனைக் காட்டித்தான் ஓட்டுக் கேட்டார்கள். அவன் பெயரைச் சொல்லித்தான் நாட்டின் போக்கையே மாற்றினார்கள். ஆனால் அந்த வாக்கெடுப்பில் அவனுக்கு ஓட்டு இல்லை. ஆகவே இது நாம் அறிந்துகொள்ள வேண்டிய கதை.

பொதுச் சந்தை என்றால் என்ன?

இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பா சுடுகாடானது. இனிமேல் சண்டை வேண்டாம், வியாபாரத்தில் ஒருவரோடு ஒருவர் பிணைந்துகொள்வோம் என்று சில நாடுகள் முடிவு செய்தன. 1957-இல் பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் ரோம் நகரில் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதுவே வளர்ந்து இன்றைய ஐரோப்பிய ஒன்றியம் ஆயிற்று.

மும்பைக்கு வரும் சரக்கு லாரிகள் முலுண்டிலும் தஹிசரிலும் ஆக்ட்ராய் நாக்காவில் வரிசை கட்டி நின்றதை இங்குள்ள லாரித் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோதுதான் அந்த நாக்கா ஒழிந்தது. அப்படிப்பட்ட நாக்காக்களை நாட்டு எல்லைகளிலேயே எடுத்துவிட்டால் எப்படி இருக்கும்? அதுதான் பொதுச் சந்தை.

அங்கே எல்லையைத் தாண்ட உரிமை பெற்றவை நான்கு: சரக்கு, மூலதனம், சேவை, ஆள். முதலாளி தன் பணத்தை எந்த நாட்டுக்கும் கொண்டு போகலாம். தொழிலாளி தன் உழைப்பை எந்த நாட்டுக்கும் கொண்டு போகலாம். போன இடத்தில் "நீ வெளிநாட்டான், உனக்குக் குறைந்த கூலி" என்று சொல்லச் சட்டம் இடம் கொடுக்காது. இந்த நான்காவது உரிமையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வருவேன்.

இடம் மாறிய கட்சிகள்

பிரிட்டன் முதலில் சேரவில்லை. பிறகு சேர விரும்பியபோது பிரான்சின் ஜனாதிபதி தெகோல் 1963-இலும் 1967-இலும் கதவை அடைத்தார். கடைசியில் 1973 ஜனவரி 1-ஆம் தேதி பிரிட்டன் உள்ளே போயிற்று. உள்ளே போன இரண்டே ஆண்டில், இருப்பதா போவதா என்று சண்டை வந்துவிட்டது. 1975 ஜூன் 5-ஆம் தேதி பொது வாக்கெடுப்பு நடந்தது. நூற்றுக்கு 67 பேர் இருப்போம் என்றார்கள்.

அன்று வெளியேற வேண்டும் என்று முழங்கியவர்கள் யார்? தொழிற்கட்சியின் இடதுசாரித் தலைவர்களான டோனி பென், மைக்கேல் ஃபுட், பார்பரா காசில். தொழிற்சங்கப் பேரவையும் அதே பக்கம். இருக்க வேண்டும் என்று பிரசாரம் செய்தவர்களில் ஒருவர், அப்போதுதான் கன்சர்வேடிவ் கட்சியின் தலைவரான மார்கரெட் தாட்சர்! நம்மை ஆள்கிறவரை நம் ஓட்டால் இறக்க முடிய வேண்டும், பிரஸ்ஸல்ஸில் உட்கார்ந்து சட்டம் எழுதுகிறவரை எந்த ஓட்டால் இறக்குவது என்பது பென் அவர்களின் வாதம். அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

பிறகு காற்று திசை மாறியது. தாட்சர் ஆட்சியில் தொழிற்சங்கங்கள் அடிமேல் அடி வாங்கின. 1988 செப்டம்பரில் ஐரோப்பிய ஆணையத்தின் தலைவர் ழாக் டெலோர், போர்ன்மவுத் நகரில் தொழிற்சங்கப் பேரவையின் மாநாட்டுக்கு வந்து, ஐரோப்பாவில் தொழிலாளருக்கும் பாதுகாப்பு உண்டு என்று பேசினார். உள்நாட்டில் கிடைக்காத நியாயம் அங்கேயாவது கிடைக்கட்டும் என்று சங்கங்கள் ஐரோப்பாவின் பக்கம் சாய்ந்தன. அதே மாதத்தில் தாட்சர் புரூஜ் நகரில் ஐரோப்பாவைத் தாக்கிப் பேசினார். கட்சிகள் இடம் மாறிக்கொண்டன.

ஆனாலும் பாட்டாளிகள் ஒரே குரலில் பேசவில்லை. 2015 ஜூலையில் கிரீஸ் நாட்டு மக்கள், கடன் கொடுத்தவர்களின் நிபந்தனை வேண்டாம் என்று நூற்றுக்கு 61 பேர் ஓட்டுப் போட்டும், அடுத்த சில நாட்களிலேயே அந்நாட்டு அரசு கடுமையான நிபந்தனைகளுக்குப் பணிய நேர்ந்தது. இதைக் கண்டு கொதித்தவர்கள் உண்டு. 2016 வாக்கெடுப்பில் தொழிற்சங்கப் பேரவை 'இருப்போம்' என்றது. ரயில்வே, கப்பல் தொழிலாளர்களின் ஆர்.எம்.டி. சங்கம் 'வெளியேறுவோம்' என்றது. ஆகவே வெளியேறச் சொன்னவர் எல்லோரும் இனவெறியர், இருக்கச் சொன்னவர் எல்லோரும் தர்மவான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சுரங்கம் போனது, கிடங்கு வந்தது

சாதாரண மக்களுக்கு ஏன் அவ்வளவு கோபம்? ஓர் ஊரின் கதையைச் சொல்கிறேன்.

இங்கிலாந்தின் டார்பிஷயர் மாவட்டத்தில் ஷயர்புரூக் என்று ஒரு சிற்றூர். நிலக்கரிச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்த ஊர். பம்பாய் மில் தொழிலாளர்கள் 1982 ஜனவரியில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள் அல்லவா? அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, 1984 மார்ச்சில் பிரிட்டனின் சுரங்கத் தொழிலாளர்கள் இறங்கினார்கள். ஓராண்டு தாக்குப்பிடித்துத் தோற்றார்கள். அதன்பின் ஒவ்வொரு சுரங்கமாக மூடப்பட்டது. ஷயர்புரூக் சுரங்கம் 1993-இல் மூடியது.

சுரங்கம் இருந்த இடத்தில் பிறகு ஒரு பெரிய வியாபாரக் கம்பெனியின் கிடங்கு எழுந்தது. அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் போலந்து முதலிய கிழக்கு ஐரோப்பிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். கம்பெனியின் நேரடி ஆட்கள் கொஞ்சம். ஏஜென்சி மூலம் எடுக்கப்பட்டவர்கள் மூவாயிரத்துக்கு மேல். நம் பாஷையில் சொன்னால் காண்ட்ராக்ட் ஆட்கள். ஷிப்டு முடிந்ததும் திருட்டுச் சோதனைக்காக நிற்க வைப்பார்கள். நின்ற நேரத்துக்குக் கூலி கிடையாது. அதைக் கணக்கிட்டால் சட்டம் சொன்ன குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே போயிற்று. கழிப்பறையில் அதிக நேரம் இருந்தால் ஒரு குற்றம், பேசிக்கொண்டிருந்தால் ஒரு குற்றம், ஆறு குற்றம் சேர்ந்தால் வேலை போகும். யுனைட் என்ற தொழிற்சங்கம் இதை அம்பலப்படுத்தியது. பாராளுமன்றக் குழு விசாரித்து, 2016 ஜூலையில் கடுமையான அறிக்கை கொடுத்தது.

அந்த அறிக்கைக்கு ஒரு மாதம் முன்புதான் வாக்கெடுப்பு. அந்த ஊர் அடங்கிய போல்சோவர் பகுதியில் நூற்றுக்கு 70-க்கும் மேற்பட்டோர் வெளியேற ஓட்டுப் போட்டார்கள். சுரங்கத்தில் சங்கத்தோடு, நல்ல கூலியோடு இருந்தவனின் பிள்ளை, அதே மண்ணில் ஏஜென்சிக் கூலியைப் பார்க்கிறான். அந்த வேலையைச் செய்கிற முகம் போலந்துக்காரனின் முகம். கிடங்கின் வாசலில் அவன் கண்ணுக்கு முதலாளி தெரிவதில்லை. பக்கத்து வீட்டுக்காரனாக வந்த போலந்துக்காரன்தான் தெரிகிறான்.

2004-இல் பத்து நாடுகள் புதிதாக ஒன்றியத்தில் சேர்ந்தபோது, அவற்றின் தொழிலாளருக்கு உடனே முழுமையாகக் கதவைத் திறந்தவை பிரிட்டன், அயர்லாந்து, சுவீடன் ஆகிய மூன்று மட்டுமே. ஆண்டுக்கு 5,000 முதல் 13,000 பேர் வருவார்கள் என்று பிரிட்டன் அரசுக்குக் கணக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. 2011 குடிக்கணக்கில், இங்கிலாந்திலும் வேல்சிலும் போலந்தில் பிறந்தவர்கள் மட்டுமே 5 லட்சத்து 79 ஆயிரம் பேர். அந்தக் கணக்கு எவ்வளவு பொய்த்தது என்று பாருங்கள்! வந்தவர்களுக்காகப் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வீடும் கூடுதலாகக் கட்டப்பட்டனவா? 2010-க்குப் பின் சிக்கனம் என்ற பெயரில் இருந்ததையும் வெட்டினார்கள். ஆஸ்பத்திரி வரிசை நீண்டபோது, வெட்டியவன் மேல் வரவேண்டிய கோபம் வரிசையில் முன்னால் நின்றவன் மேல் திரும்பியது.

பஸ்ஸில் எழுதிய கணக்கு

பிரதமர் டேவிட் கேமரூன் 2013 ஜனவரியில் வாக்கெடுப்பு நடத்துவேன் என்று வாக்குக் கொடுத்தார். தம் கட்சிக்குள் இருந்த பூசலை அடக்கவும், ஐக்கிய ராஜ்ய சுதந்திரக் கட்சியிடம் ஓட்டுப் போய்விடாமல் தடுக்கவும் நினைத்தார். கட்சிச் சண்டைக்கு நாட்டைப் பணயம் வைத்தார்.

வெளியேறுவோம் என்றவர்கள் ஒரு சிவப்புப் பஸ்ஸில், வாரத்துக்கு 35 கோடி பவுண்டு ஐரோப்பாவுக்குப் போகிறது, அதை ஆஸ்பத்திரிக்குக் கொடுப்போம் என்று எழுதி ஊர் ஊராக ஓட்டினார்கள். தாட்சர் 1984-இல் வாங்கிய கழிவைக் கழிக்காத கணக்கு அது. அரசின் புள்ளிவிவர ஆணையமே அது தவறான எண்ணத்தைத் தருகிறது என்று சொல்லியும் பஸ் ஓடிற்று.

2016 ஜூன் 16-ஆம் தேதி நைஜல் ஃபராஜ் ஒரு சுவரொட்டியை வெளியிட்டார். நீண்ட வரிசையில் நடந்து வரும் மக்களின் படம்; இதற்கு மேல் தாங்காது என்ற பொருளில் வாசகம். படத்தில் இருந்தவர்கள் 2015-இல் குரோவேஷியா, ஸ்லோவேனியா எல்லையைக் கடந்த அகதிகள். பிரிட்டனில் வேலை செய்யும் உரிமை பெற்ற ஐரோப்பியத் தொழிலாளருக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை. அதே நாளில், தொழிற்கட்சிப் பாராளுமன்ற உறுப்பினர் ஜோ காக்ஸ் அம்மையார், தம் தொகுதியில் ஒரு வெறியனால் கொலை செய்யப்பட்டார். வாய்ச்சண்டை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அந்த நாள் சாட்சி.

ஜூன் 23-இல் ஓட்டெடுப்பு. வெளியேற 1 கோடியே 74 லட்சம். இருக்க 1 கோடியே 61 லட்சம். நூற்றுக்கு 52-க்கு 48. ஸ்காட்லாந்தும் வடக்கு அயர்லாந்தும் இருக்கவே விரும்பின. இங்கிலாந்தும் வேல்சும் போக விரும்பின. அப்பனும் மகனும் ஒரே வீட்டில் எதிரெதிராக ஓட்டுப் போட்டார்கள்.

ஓட்டு யாருக்கு இருந்தது?

இனித்தான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம். அந்த வாக்கெடுப்பில் பிரிட்டிஷ் பிரஜைகளுக்கு ஓட்டு; அயர்லாந்துக்காரருக்கு ஓட்டு; காமன்வெல்த் நாடுகளிலிருந்து வந்து அங்கே சட்டப்படி குடியிருந்தவர்களுக்கும் ஓட்டு. அதாவது, நேற்றுத்தான் கம்ப்யூட்டர் வேலைக்கு விசாவில் போன இந்தியனுக்கும் ஓட்டு இருந்தது. பன்னிரண்டு ஆண்டு உழைத்து, வரி கட்டி, அங்கேயே பிள்ளை பெற்ற போலந்துக்காரனுக்கு ஓட்டு இல்லை. ஏறத்தாழ 30 லட்சம் ஐரோப்பியர் இப்படி வாய் மூடி நின்றார்கள்.

ஓட்டு இருந்த நம்மவர் மட்டும் ஏமாறவில்லையா? பிரிட்டனில் 'இந்திய ஓட்டல்' என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை வங்காளதேசத்துச் சில்ஹெட்காரர்களுடையவை. ஐரோப்பியர் வருகையைக் குறைத்தால் உங்கள் ஊர்ச் சமையல்காரர்களைக் கொண்டுவர வழி பிறக்கும் என்று அவர்களிடம் ஓட்டுக் கேட்டார்கள். பல ஓட்டல்காரர்கள் நம்பினார்கள். வெளியேறிய பின் விசாவுக்கு வைத்த சம்பள வரம்பு சிறிய ஓட்டலுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. முன்னால் வந்தவனை விரட்டினால் நமக்கு இடம் கிடைக்கும் என்று எண்ணுகிறவனுக்கு இது பாடம்.

வெளியேறிய பிறகு

வெளியேறும் வழியிலும் சண்டைதான். பிரதமர் தெரசா மே கொண்டுவந்த ஒப்பந்தத்தை 2019 ஜனவரி 15-இல் பாராளுமன்றம் 432-க்கு 202 என்று தோற்கடித்தது. லட்சக்கணக்கானோர் லண்டன் தெருக்களில் இன்னொரு வாக்கெடுப்புக் கேட்டு ஊர்வலம் போனார்கள். போரிஸ் ஜான்சன் வந்தார். அவர் பாராளுமன்றத்தை முடக்கியது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அவரே தேர்தலில் பெருவெற்றி பெற்று, 2020 ஜனவரி 31-இல் நாட்டை வெளியே கொண்டுபோனார்.

நாக்கா திரும்ப வந்தது. சரக்குக்குக் காகிதம், காகிதத்துக்கு முத்திரை. 2021 செப்டம்பரில் டாங்கர் ஓட்ட ஆளில்லாமல் பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்றது. பட்டாளத்துக்காரரை டிரைவராக அனுப்ப வேண்டி வந்தது. இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய உற்பத்தித்திறனில் நூற்றுக்கு 4 பங்கு நீண்ட காலத்தில் குறையும் என்று அந்நாட்டின் வரவுசெலவுப் பொறுப்பு அலுவலகம் மதிப்பிடுகிறது. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தனியாக வியாபார ஒப்பந்தம் செய்யும் உரிமை அதற்குக் கிடைத்தது. 2025 ஜூலை 24-இல் இந்தியாவோடு கையெழுத்திட்டது அப்படிப்பட்ட ஒன்று.

வெளியாட்கள் வருவது குறைந்ததா? அதற்காகத்தானே அத்தனை பாடு! 2023-இல் முடிந்த ஓராண்டுக் கணக்கில், வந்தவரில் போனவரைக் கழித்தால் 9 லட்சத்துக்கும் மேல். அதுவரை காணாத உச்சம். ஐரோப்பியன் குறைந்தான், இந்தியனும் நைஜீரியனும் பெருகினார்கள். முதலாளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் முதியோர் இல்லத்துக்கும் ஆள் வேண்டும், ஆள் வந்தார்கள்.

ஆனால் வந்தவனின் நிலை மாறிவிட்டது. இதைத்தான் முதலிலேயே நினைவில் வைக்கச் சொன்னேன். முன்பு வந்த போலந்துக்காரன் உரிமையோடு வந்தான். முதலாளி சரியில்லை என்றால் மறுநாளே அடுத்த கம்பெனிக்குப் போகலாம். சங்கத்தில் சேர்ந்து எதிர்த்துப் பேசலாம். இப்போது வருகிறவன் ஒரு முதலாளியின் பெயரில் விசா வாங்கி வருகிறான். வேலை போனாலோ, கம்பெனியின் உரிமம் ரத்தானாலோ, 60 நாளுக்குள் வேறு கம்பெனி பிடிக்க வேண்டும். இல்லையேல் மூட்டை கட்ட வேண்டும்.

2022 பிப்ரவரியில் முதியோர் பராமரிப்பு வேலைக்கு இந்த விசாவைத் திறந்தார்கள். வீட்டை விற்று, வட்டிக்கு வாங்கி, ஏஜெண்டுக்குப் பணம் கட்டிப் போனவர்களில் பலருக்கு அங்கே சொன்ன வேலையே இல்லை. 2022 ஜூலை முதல் 2024 டிசம்பர் வரை 470-க்கும் மேற்பட்ட பராமரிப்புக் கம்பெனிகளின் உரிமத்தை அரசு ரத்து செய்தது. அவற்றோடு சேர்ந்த தொழிலாளர்கள் 39,000 பேருக்கு மேல். 2025 ஜூலையில், வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். பிரிட்டன் விடுதலை பெற்றதாகச் சொன்னார்கள். வந்து உழைக்கிறவன் கட்டுண்டான். உள்ளூர்த் தொழிலாளிக்கு அதனால் லாபமா? எதிர்த்துப் பேச முடியாதவன் பக்கத்தில் நின்றால், பேச முடிந்தவனின் கூலியும் உயராது.

நமக்கு என்ன?

தோழர்களே! நாமும் ஓர் ஒன்றியத்தில்தான் இருக்கிறோம். திருநெல்வேலியிலும் சேலத்திலும் ரயில் ஏறி தாதரில் இறங்கியபோது யாரிடமும் விசா கேட்கவில்லை. 1950-இல் வந்த அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, நாடெங்கும் போகவும் தங்கவும் தொழில் செய்யவும் நமக்கு உரிமை கொடுத்திருக்கிறது. அந்த உரிமையால்தான் நாம் இங்கே தலைநிமிர்ந்து பேசுகிறோம். 1960-களின் கடைசியில் இதே பம்பாயில், தென்னாட்டான் வேலையைப் பறிக்கிறான் என்ற கூச்சல் எழுந்ததைப் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள். பிறகு மில்கள் மூடின. லட்சக்கணக்கான வேலை போனது. அதைத் தென்னாட்டானா கொண்டுபோனான்? மில் நிலங்களில் இன்று நிற்கிற மாடிகளைப் பாருங்கள், பதில் தெரியும்.

ஆகவே மூன்று காரியம். முதலாவது, இங்கே பல ஆண்டாக இருந்தும் ஓட்டை ஊரிலேயே வைத்துக்கொண்டு, இரண்டு இடத்திலும் போடாமல் விடுகிறவர்கள் நம்மில் அதிகம். குடியிருக்கும் இடத்தில் பெயரைப் பதியுங்கள். போலந்துக்காரனுக்கு மறுக்கப்பட்டது நமக்குக் கையில் இருக்கிறது. அதை வீணாக்கலாமா? இரண்டாவது, தமிழனுக்குத் தனி, மராட்டியனுக்குத் தனி என்று இல்லாமல், ஒரே பட்டறையில் வேலை செய்கிறவர்கள் ஒரே தொழிற்சங்கத்தில் நில்லுங்கள். குறைந்த கூலிக்கு வருகிறவனை விரட்டினால் கூலி உயராது. அவனையும் சங்கத்தில் சேர்த்தால்தான் உயரும்.

மூன்றாவது, சொல்லக் கசப்பானது. திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்கு வருகிற பீகார்க்காரனையும் ஒடியாக்காரனையும் நம் ஊர்ச் சொந்தக்காரர்கள் சிலர் என்ன சொல்லி ஏசுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். 1960-களில் நம்மைச் சொன்ன அதே சொல். ஊருக்குப் போகும்போது அந்தச் சொல் காதில் விழுந்தால் பேசாமல் இருந்துவிடாதீர்கள். பிழைக்கப் போனவனின் நியாயத்தைச் சொல்ல, பிழைக்கப் போன நம்மை விடத் தகுதியுள்ளவர் யார்?

பிரிட்டன் மறுபடியும் சேருமா, சேராதா என்பதை அந்த நாட்டு மக்கள் முடிவு செய்துகொள்ளட்டும். எந்த நாடு எந்த ஒன்றியத்தில் சேர்ந்தாலும் பிரிந்தாலும், நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அங்கே உழைக்க வருகிறவன் முதலாளியை எதிர்த்துப் பேச முடியுமா, முடியாதா?